சின்னத்துரை தலையாட்டவில்லை

சுடலைமாடன் துணை

தூத்துக்குடி
ஆவணி, வெள்ளிக்கிழமை

மகன் பாண்டித்துரைக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்கும்படி உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த வீட்டில் சுகமாக இருப்பது உன் புறாக்கள் மட்டும்தான். நீ சுகமாக இருப்பது நீ ஃபோட்டோவில் காட்டுகிற தொப்பையிலேயே தெரிகிறது, அதைக் கேட்டு வேறு எழுத வேண்டுமா. இதை ஃபோனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது, கிரேன் மேலே இருக்கிறேன் என்கிறாய், சூப்பர்வைசர் வருகிறான் என்கிறாய். காகிதத்தை அப்படி நடுவில் கட் பண்ண முடியாது. தருவைகுளத்து ரெக்ஸ் நாளை மறுநாள் ஓமானுக்கு, உன் சலாலாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். மக்ரூன் எங்கே என்று அவனைக் கேட்காதே. உன் பெண்டாட்டி அனுசியா வழக்கம்போல் உனக்கென்று வாங்கி டப்பாவில் அடைத்து வைத்தாள், நான்தான் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவள் கையால் எதையும் வாங்கித் தின்ன உனக்கு இப்போது யோக்கியதை இல்லை.

ரெக்ஸை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவனும் அதே துறைமுகத்தில் அதே கம்பெனியில் உன்னைப்போல் கிரேன் ஓட்டுகிறவன்தானே, அவன் மட்டும் வருஷா வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நிற்கிறான். உனக்கு மட்டும் லீவு இல்லை என்று போன ஆடியிலும் சொன்னாய், இந்த ஆடியிலும் சொன்னாய். நான் அவனையே பிடித்துக் கேட்டேன். பாவம், சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தலையைச் சொறிந்தான், கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்து உட்கார வைத்ததும் உண்மையைக் கக்கிவிட்டான். லீவு உண்டாம். நீதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த நாட்களிலும் கிரேனில் ஏறுகிறாயாம், மாடி கட்டப் போகிறாயாம். கீழ் வீட்டில் இருக்க வேண்டியவனே ஊரில் இல்லை, மாடியில் யாரைக் குடிவைக்கப் போகிறாய், உன் புறாக்களையா.

நீ விட்டுப் போனது பெண்டாட்டியும் அப்போதுதான் தத்தித் தத்தி நடந்த பிள்ளையும் மட்டும் என்றால் நாங்கள் சமாளித்திருப்போம். ஒரு சிப்பிப்பாறை நாய், மொட்டைமாடி நிறையப் புறா, போதாக்குறைக்கு ஒரு கிடாக்குட்டி, எல்லாம் நீ ஆசைப்பட்டு வாங்கியது, எல்லாவற்றுக்கும் தீனி வைத்துக் கழிவை வாரிக் கொட்டுகிறவள் அவள். அந்த நாயை ஓடவிடாவிட்டால் அது வீட்டை இரண்டாக்கிவிடுகிறது, என் சேலை எத்தனை கிழிந்தது என்று எனக்குத்தான் தெரியும். அதனால் விடிந்தும் விடியாமல் சுடிதாரை மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பாதையில் அதோடு ஓடிவிட்டு வருகிறாள், புருஷன் ஊரில் இல்லாதவள் காலங்காத்தாலே எங்கே ஓடுகிறாள் என்று தெருவில் கேட்கிற நாக்குகளுக்கு நான் பதில் சொல்கிறேன். அந்த மார்கழியில் வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்ததே, அப்போது பிள்ளையைத் தோளில் போட்டு, நாயை இழுத்து, கிடாவைத் தூக்கி, கடைசியில் மூட்டுவலிக்கார உன் அப்பாவையும் கைத்தாங்கலாக மாடியேற்றியது அவள். டவர் திரும்பி வந்ததும் நீ அவளிடம் கேட்ட முதல் கேள்வி புறாக்கூடு நனைந்துவிட்டதா என்பது. நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் சேற்றை வழிக்கப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கே உன்னை நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் போலிருந்தது.

இனி கிடா விஷயத்துக்கு வருகிறேன். விசா வந்தால் கிடா வெட்டுகிறேன் என்று சாத்தான்குளத்துப் பக்கம் நம் சுடலைமாடன் முன்னால் நின்று நேர்ந்தது நீ. விசா வந்ததும் குட்டியை வாங்கி வந்து கட்டியதும் நீ. நேர்ந்துவிட்ட உயிருக்குப் பேர் வைக்கக் கூடாது, வீட்டுக்குள் விடக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா. புட்டியில் பால் கொடுத்தாய், சின்னத்துரை என்று பேர் வைத்தாய், நான் வருகிறவரைக்கும் இவன்தான் வீட்டுக்கு ஆம்பளை என்று அனுசியாவிடம் சிரித்துவிட்டு விமானம் ஏறினாய். கோயிலில் இந்த ஆடிக் கொடைவிழாவுக்கும் நீ இல்லை. இதற்கு மேலும் தள்ளிப் போட்டால் சாமிக் குற்றம் ஆகிவிடும் என்று அப்பா பயந்துபோய்க் குட்டியானை லோடு வண்டி பிடித்தார். கோயிலில் நேர்ந்தவன் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டுமே என்று கேட்டதற்கு, வீடியோவில் வருகிறேன், ஃபோனைக் கிடாவுக்கு நேரே காட்டுங்கள், நானே நின்ற மாதிரி ஆகும் என்று நீதான் வழி சொன்னாய். அப்படி ஒரு கூத்து எந்தக் கொடையிலும் நடந்ததில்லை, நாங்களும் அறிவுகெட்டுத் தலையாட்டினோம். மஞ்சள் தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை உதறித் தலையாட்ட வேண்டும், அதுதான் சாமியின் சம்மதம், ஆட்டாத கிடாவின்மேல் கத்தி படக் கூடாது. அப்பா கயிற்றைப் பிடித்தார், அனுசியா ஃபோனைப் பிடித்தாள், நீ உள்ளேயிருந்து ஏலே சின்னத்துரை என்று ஒரு குரல் கொடுத்தாய். குட்டியில் கேட்ட குரல், அது மறக்கவில்லை. காதை விறைத்துக்கொண்டு ஃபோனை மோந்து பார்த்தது, பிறகு ஃபோனுக்குப் பின்னால் எட்டி எட்டி உன்னைத் தேடியது. தண்ணீரை ஊற்ற ஊற்ற அப்படியே நின்றதே தவிர ஒரு சிலிர்ப்பு இல்லை. நீயானால் இன்னும் ஊற்று, குடத்தோடு ஊற்று என்று அங்கிருந்து அதிகாரம் பண்ணுகிறாய். சாமியாடுகிற சிவனாண்டி அண்ணாச்சி பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். "நேந்தவன் வந்து நிக்கட்டும். நான் ஃபோனுக்கு வாக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அத்தோடு நீ வாயை மூடியிருக்கலாம். சொந்தக்காரர், ஊர்க்காரர் அத்தனை பேரும் சுற்றி நிற்க, ஸ்பீக்கரில், "எல்லாம் நீ கொஞ்சி வளத்த லெச்சணம்தாம்ளா" என்று அவளைச் சொன்னாய். கொஞ்சியது யார் என்று ஊருக்கே தெரியும். மேளக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஃபோனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பா கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கிடாவை வண்டியில் ஏற்றினாள். அந்த ஈரக் கிடாவோடு பின்னால் உட்கார்ந்துதான் தூத்துக்குடிவரை வந்தாள், முன்னால் வா என்று நான் கூப்பிட்டும் வரவில்லை.

அது ஆறுவதற்குள் உன் அடுத்த செய்தி வருகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அம்மாவிடம் மெதுவாகச் சொல் என்று. அதையும் பேசிச் சொல்லத் துப்பில்லை, குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறாய். அவள் அடுக்களையில் வந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அழாமல் புறாவுக்குக் கம்பு அள்ளப் போனாள். நான்தான் பொறுக்கமாட்டாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரலுக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் நிம்மதியாக இரு, இந்தச் சனியன்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் திரும்பி நின்று, "நான் எதுக்கு அத்தே போவணும்? வீட்ட விட்டுப் போனது அவுகதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது, இந்தக் கடிதம் எழுதுகிறேன். கோபப்படுகிறவளைச் சமாதானம் பண்ணலாம், கணக்கிலிருந்தே உன்னைத் தள்ளிவிட்டவளை என்ன பண்ணுவாய்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் நடந்ததையும் கேட்டுக்கொள், அனுசியா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் கூடத்தான் போயிருந்தேன். ஜெபசுதா டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, தன்ஷிகாக் குட்டிக்கு அப்பா எங்கே என்று கேட்டாள். பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல், "சார்ஜ் போட்டிருக்கு" என்றது. டீச்சர் சிரித்தாள், அங்கே நின்ற தாய்மார்கள் எல்லாம் சிரித்தார்கள், அனுசியாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோவில் வரும்போது, அப்பா ஃபோன் இல்லை கண்ணு, நம்மைப் போல ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். கையெல்லாம் இருக்குமா என்று கேட்கிறது.

சிவனாண்டி அண்ணாச்சியை நான் தனியே போய்ப் பார்த்தேன். தைக் கடைசிவரைக்கும் பொறுக்கலாம், அதற்கு மேல் ஆகாது என்கிறார். நேர்ந்தவன் வராவிட்டால் வளர்த்தவள் பேருக்கு நேர்ச்சையை மாற்றலாமாம், மாற்றிய பிறகு அந்தக் கோயிலில் உன் பேர் சொல்லித் திருநீறு வராது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் அப்பாவும் சரி என்றுவிட்டார். கிடாவை வெட்டுவதா, கோயிலுக்கே விட்டுவிடுவதா என்பதை அவள் சொல்வாள். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று என்னிடம் சாக்குச் சொல்லாதே. லீவு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு வேண்டும் என்று சொல்லவும் தெரியும்.

வாழ்த்துச் சொல்லி முடிக்க மனசு வரவில்லை, பெற்ற வயிறு சும்மாவும் விடவில்லை, ஆகையால் சுடலைமாடன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், கிரேனில் ஏறி இறங்கும்போது படியைப் பார்த்து இறங்கு, மோரை நிறையக் குடி. தைக் கடைசி என்பதை நினைவில் வை. வந்தால் கயிறு உன் கையில். வராவிட்டால் கயிறு அவள் கையில், அன்றைக்கு வீடியோவில் வருகிறேன் என்று கிளம்பாதே, கோயிலுக்கு நாங்கள் யாரும் ஃபோன் கொண்டுபோக மாட்டோம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
சண்முகத்தாய்