மண் அணைத்த மூன்று வரிசை

ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இத்துடன் முப்பது நாற்றுகள் வருகின்றன. மக்காச்சோளத்தையும் அதன் காட்டு உறவுச் செடியையும் கலந்து நான் உருவாக்கியவை. தண்ணீர் தேங்கும் உன் பள்ள வயலில் மூன்று வரிசையாக நட்டுவிடு. வெள்ளத்தில் இவை பிழைத்தால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை நிரந்தரமாகும். மற்றதெல்லாம் உனக்குத் தெரியாததா?

உன் தங்கை

ஜூலை 20

அடி வாயாடி,

உன் செடிகள் ஆள் உயரம் வந்துவிட்டன. ஆனால் வேரெல்லாம் தரைக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி நின்றது. "பாவம், இப்படியா வெளிய தெரிய விடறது?" என்று உன் அண்ணி ஒரே புலம்பல். இரண்டு பேருமாகக் குனிந்து, வேர் மறைய மண் அணைத்தோம். எங்கள் பயிருக்கு ஒரு தடவை, உன்னுடையதற்கு இரண்டு தடவை. முழங்கால் வலியைப் பற்றி அவள் மூச்சுக்கூட விடவில்லை. மழை கட்டிக்கொண்டு நிற்கிறது.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 18

அண்ணா,

பத்து நாள் தண்ணீரில் முப்பதும் அழுகிவிட்டன. நீ அனுப்பிய வேரைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தேன். உள்ளே பஞ்சு போலக் காற்றறைகள் இருக்கின்றன. சாதாரண மக்காச்சோளம் தண்ணீர் வந்த பிறகுதான் காற்றுக்கு வழி தேடும். இது காய்ந்த நிலத்திலேயே வழி வைத்துக்கொள்ளும். மேலே கிளம்பிய வேர்கள்தான் அதற்கு மூக்கு. அதைப் போய் மூடிவிட்டாயே! நாலு வருட உழைப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கை

செப்டம்பர் 9

தங்கைக்கு,

உங்கள் நிலையத்து அதிகாரி வந்திருந்தார். "மண் அணைக்கக் கூடாதுன்னு எழுதி அனுப்பியிருந்தும் கேக்கலையாமே?" என்று உன் அறிக்கையைப் படித்துக் காட்டினார். உள்ளே போய் உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியாததா என்று கேட்டிருந்தாய். தெரிந்ததைத்தான் செய்தேன். உன் அண்ணி அந்தக் கடிதத்தை அவரிடம் நீட்டப் போனாள். நான் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா சார், எழுதியிருந்தா. நான்தான் கேக்கல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி. இனிமேல் எனக்கு நிலையத்து விதை கிடையாதாம்; விதை கொடுக்கும் விவசாயிகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் வேலைக்கு ஒன்றும் வராது என்று அவரே சொன்னார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பொய்யை நானே எழுதிக் கொடுத்திருப்பேன். இனி கடிதம் போடாதே. வந்தாலும் பிரிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
விவசாயி