வெயில் பட்ட மணல்

கிண்ணியா,
12.08.2023

றுஷ்தாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முந்திப் போல அன்பைச் சேர்த்து எழுத இப்போது எனக்கு உரிமையில்லை. சலாமுக்கு யாரும் தடை போடவில்லை.

காதியாரிடமிருந்து தலாக் கடிதமும், ஜெர்மனியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் ஒரே நாளில் வந்தன. உங்கள் கடிதத்தில் தலாக்கைப் பற்றி ஒரு வரி. மீதியெல்லாம் அந்த மூன்று இரும்புப் பைப்புகளைப் பற்றி. டேப்பைக் கழற்றாதே, வெளிச்சம் படவிடாதே, உடனே கூரியரில் போடு. தலாக்குக்குப் பிறகு காத்திருக்கிற இத்தா முடியும்வரை நான் வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது என்பது உங்களுக்கு நினைவில்லை. மகள் றுஷ்தாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பள்ளிக்கூடத்தில் சிரிக்க வெட்கப்படுகிறாள்.

என் கூடப்பிறந்த காக்கா விசாரித்து வந்து சொன்னார். கிளிவெட்டிப் பக்கம் நீங்கள் கல்லாய்ப் போன நீர்யானைப் பல் எடுத்த மணல் குழி இப்போது இல்லையாம். மணல் ஏற்றுகிறவர்கள் முழுதையும் அள்ளிவிட்டார்கள், தண்ணீர்தான் நிற்கிறது. மிச்சம் இருந்தது என் அலுமாரியில் கலியாணச் சாரிக்குக் கீழே கிடந்த அந்த மூன்று பைப் மணல் மட்டும்தான்.

எனக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தியது நீங்கள்தான். மணல் கடைசியாக வெயில் பார்த்த நாளிலிருந்து அதன் வயது ஓடும், திரும்ப வெயில் பட்டால் பூச்சியமாகிவிடும், மணலின் வயது தெரிந்தால்தான் அதற்குள் கிடந்த பல்லின் வயது தெரியும் என்றீர்கள். அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன், கொதிக்கிற மத்தியானத்தில், வெளிச்சம் புகாத கறுப்புப் படங்கைப் போர்த்திக்கொண்டு உங்களோடு குழிக்குள் இருந்தேன். அப்போது எனக்கு நாலு மாதம். மூச்சு முட்டுகிறது, படங்கைத் தூக்குங்கள் என்று இரண்டு தரம் கேட்டேன். இன்னும் ஒன்றுதான், பொறு என்றீர்கள். நான் மயங்கி விழுந்த பிறகும், மூன்றாவது பைப்பின் வாயை ஒட்டி முடித்துவிட்டுத்தான் தூக்கினீர்கள். அந்தக் கிழமையே பிள்ளை கலைந்தது. யார் கேட்டாலும் கிணற்றடியில் சறுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். உங்கள் உம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றையும் திறந்தேன். சுளகுகளில் பரப்பி, காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரை முற்றத்தில் காயவிட்டேன். அடியில் கிடந்ததும் வெயில் காண வேண்டும் என்று கையால் கிளறிக் கிளறி விட்டேன். பிறகு பழையபடி அடைத்து டேப் ஒட்டினேன். காக்கா இந்தக் கடிதத்தோடு அனுப்பிவிடுவார். கோபத்தில் செய்தாள் என்று நினைக்க வேண்டாம். அன்று சமைத்தேன், மகளுக்குத் தலை வாரினேன், ஒரு வக்து தொழுகையும் தவறவில்லை.

சொல்லாமலே அனுப்பியிருக்கலாம். ஆனால் வயது பார்க்கிற மெஷினில் ஏதோ பிழை என்று மாதக்கணக்கில் மெஷினைத் திட்டிக்கொண்டு இருப்பீர்கள். செய்தது நான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பல் உங்களிடம் இருக்கிறது. அதன் வயதை இனி ஒருவராலும் சொல்ல ஏலாது. மணலுக்கு இன்றைக்கு நாலு நாள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அங்கே நீங்கள் கலியாணம் முடிக்கப்போகிறவருக்கு நல்ல பிள்ளைகளைத் தரட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் கையில் வாங்கும்போது, எங்கள் பிள்ளை உங்கள் நினைவில் வரட்டும். ஆமீன்.

ஸாலிஹா