ஐம்பத்தோராவது தட்டில் போன கரடிகள்

காரைக்குடி
புரட்டாசி 7

அன்பு மகள் செந்தாமரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சோறு தண்ணிக்குக் குறைவில்லாமல், நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கீர்த்தியும் அந்த ஊர் மழைக்கும் குளிருக்கும் ஈடு கொடுத்து நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கொப்புடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் செய்தபோது, தோசைக் கரடி கைவிட்டுப் போனதை நான் சொன்னதும், ஒரு கரடி பொம்மையைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலையாம்மா, அதே மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல பார்த்து வச்சிருக்கேன், இதுதான் தோசைன்னு கீர்த்திகிட்டக் குடுத்துருவேன், நீ பேசாம இரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கரடிக்கு ஆர்டர் போடாதே. போட்டிருந்தாலும் பிள்ளை கையில் கொடுக்காதே. நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும்.

சித்திரையில் வந்துவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று பெட்டி எடை கூடிப்போய், மிளகாய்ப்பொடியை எடுப்பதா கரடிகளை எடுப்பதா என்று நீங்கள் இருவரும் நின்றீர்கள். நீ கரடிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, பொடி இல்லாமல் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது. கீர்த்தி அழவில்லை. கண்ணாடி போட்ட டாக்டர், வயிறு பெருத்த பெரியவர், பாவாடை கட்டிய அழகி, வெள்ளை வெளேரென்ற புட்டு, பிறந்ததிலிருந்து அவள் கன்னத்தில் வைத்துத் தூங்கி நடுவில் வெளுத்துப்போன தோசை என்று ஐந்தையும் பெயர் சொல்லி என் மடியில் வைத்தாள். தோசையை மட்டுமாவது கையில் எடுத்துக்கோடி என்றேன். மத்த நாலும் புது இடத்துல பயப்படும் அம்மாச்சி, தோசை கூட இருந்தா பயப்படாது என்று அதையும் விட்டாள். யாராவது அங்கே வரும்போது ஐந்தையும் கொடுத்துவிடுவதாக என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் அவள் தலையில் கை வைத்துப் பண்ணினேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போனில் பெயர் வாசிப்பாள், நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். இந்த வாரம் எங்க போச்சுக என்று கேட்பாள். வீட்டில்தான் இருந்துச்சுக என்றால் முகம் சுருங்கிவிடும். அதனால் நானும் கூட்டிப் போகப் பழகிக்கொண்டேன். ஒயர் கூடையில் ஐந்தையும் உட்கார வைத்து அரியக்குடிப் பெருமாள் கோவிலுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, பொம்பளைகளுக்குத்தான் ஆத்தா ஓசி, இதுல ஆம்பளை எத்தனை என்றான். எல்லாம் பச்சைப் பிள்ளைகப்பா, டிக்கெட் வயசு ஆகலை என்றேன். பஸ்ஸே சிரித்தது. உன் அப்பா பெரியவரை டி.வி.எஸ் வண்டியில் முன்னால் நிறுத்தி வயலுக்குக் கூட்டிப் போனார். நாத்து நடுகிறவர்கள் எல்லாம், இது யாருங்க புதுக் கங்காணி என்று கேட்டார்களாம். வரும்போது இருவருக்கும் முழங்கால்வரை சேறு. இரண்டு பேரையும் கொல்லையில் நிறுத்திக் கழுவித்தான் உள்ளே விட்டேன்.

நாலு மணிக்குக் கரடிகளுக்கு பிஸ்கட் வைக்க வேண்டும் என்பது உன் மகள் உத்தரவு. உன் அப்பா அதைத் தவறாமல் செய்தார். வைத்த பிஸ்கட்டைத் திரும்ப எடுத்துச் சாப்பிட்டதும் அவர்தான், சுகர் மாத்திரை போடுகிற மனுசன். தூள் மட்டும் கரடி மேல் கிடந்து, ஆவணியில் எறும்பு ஏறிவிட்டது. டாக்டரைத் தூக்கினால் வயிற்றுக்குள்ளிருந்து வரிசையாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சனிக்கிழமை ஐந்தையும் சோப்புப் போட்டு அலசி, ஒரு தாம்பாளத்தில் உட்கார வைத்துக் கொல்லையில் காய விட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் கண்டனூரில் உன் சித்தப்பா மகள் சிந்துவின் பிள்ளை தன்ஷிகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் உன் சித்தப்பா மகன் அருள்பாண்டியுடையது. அவன் வீட்டில் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை நடப்பதால், சீர்த் தட்டுகளை எல்லாம் முதல்நாளே நம் வீட்டு ஹாலில்தான் பரப்பியிருந்தார்கள். ஐம்பத்தொரு தட்டு. சாயந்தரம் தூறல் விழுந்ததும் உன் அப்பா ஓடிப்போய்க் கரடித் தாம்பாளத்தை எடுத்து வந்து, வைக்க வேறு இடமில்லாமல் அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது கேட்டால், ஹால் முழுக்கத் தட்டு, நான் என்ன தலையிலயா வச்சுக்குவேன் என்கிறார். காலையில் உன் சித்தி மலையம்மாள் எண்ணினாள். சரியாக ஐம்பத்தொன்று வந்தது. இந்தக் காலத்துச் சீரில் பொம்மை வைப்பதும் உண்டு என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். நான் பெரியவள் என்று மஞ்சள் குங்குமத் தட்டை என்னிடம் கொடுத்து வேனில் முன்னாடி அனுப்பிவிட்டார்கள், பின்னால் வந்ததை நான் பார்க்கவில்லை.

கண்டனூரில் மேளம், வேட்டு, தெருவை அடைத்து ஆட்கள். தட்டுகளை மேடைக்கு முன் இறக்கியதும் வீடியோக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெரிய திரையில் காட்டினார். நான் ஜிகர்தண்டா டம்ளரை வாயில் வைக்கும்போது திரையில் டாக்டர் வந்தார், ஆள் உயரத்துக்கு. அடுத்தது பெரியவர். எனக்குப் புரையேறிவிட்டது. மைக்கில் தாய்மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு என்று சொல்லி முடித்துவிட்டார்கள், அதற்குமேல் என்ன செய்வது. அருள்பாண்டி மடியில் உட்கார்ந்த தன்ஷிகா ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினாள். யாரோ தட்டிலிருந்து தோசையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். முதல்ல கரடிக்குக் குத்து என்று பிடிவாதம். சின்னச்சாமி ஆசாரி பொறுமையான மனுசர். இந்தாங்க, மருமகனுக்கு முதல்ல என்று அருள்பாண்டியிடம் சொல்லிவிட்டுத் தோசைக்குக் காது குத்தி ஒரு செம்புக் கம்பியையும் மாட்டிவிட்டார். பிறகுதான் அவள் காதைக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கரடியை யாராலும் பிடுங்க முடியவில்லை. மாமன் சீரில் வந்ததால் அதை மாமா என்று கூப்பிடுகிறாள். அருள்பாண்டிதான், அப்ப நான் யாரு என்று கேட்டுக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் சிந்துவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்து வந்தேன். சாயந்தரம் மலையம்மாள் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தாள். கற்கண்டுத் தட்டு ஒன்று அவள் வீட்டு பீரோ மேலேயே இருந்துபோச்சாம். அக்கா, அப்ப நாம கொண்டு போனது ஐம்பதுதான், உங்க கரடியைச் சேர்த்துத்தான் ஐம்பத்தொண்ணு, நீங்க கரடியைத் திருப்பிக் கேட்டா ரெட்டைப்படையில சீர் வச்சோம்னு ஆயிரும், சிந்து மாமியா சும்மாவே ஊசி குத்துற மாதிரி பேசும், எம் மக வாழுற வீடுக்கா, கேட்டுறாதீக என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பக்கம் சிந்து, ஒரு பக்கம் கீர்த்திக்குப் பண்ணிக் கொடுத்த சத்தியம். அன்று ராத்திரி கீர்த்தி பெயர் வாசித்தபோது எல்லாம் தூங்குதுக என்று பொய் சொன்னேன். அடுத்த ஞாயிறு, கண்டனூருக்கு விருந்து போயிருக்குதுக என்றேன். அது பொய் இல்லை, ஆனாலும் அவள், தோசையுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். இதற்குள் மாப்பிள்ளை ஆபீஸில் வேலை பார்க்கும் கல்லல் தம்பி சேவுகப்பெருமாள் லீவு முடிந்து அங்கே திரும்பும் தேதி நெருங்கிவிட்டது, கரடிகளை அவரிடம்தான் கொடுத்துவிட வேண்டும்.

போன புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் கண்டனூருக்கு பஸ் ஏறினேன். சிந்து மாமியார் பிச்சையம்மாள் வாசலிலேயே, வாங்க மதினி, பிள்ளை காதைப் பார்க்க வந்தீகளா, கரடியைப் பார்க்க வந்தீகளா என்றாள். அவளே சொன்னாள். சீர்த் தட்டுல கையை வச்சா ஈரம் கசியுது, சோப்பு வாசம் தூக்குது, துவைச்சுக் காயப்போட்டதைச் சீருன்னு நம்புறதுக்கு நான் என்ன கூறுகெட்டவளா, தட்டை உள்ள எடுத்து வைக்கும்போதே அதை ரூமுக்குள்ள தள்ளிட்டு சமையல் நடந்த ஆக்குப்பறையில இருந்து ஒரு சீப்புப் பழத்தைத் தூக்கி அந்த இடத்துல வச்சேன், எங்க வீட்டுக்காரர் எண்ணுறப்ப ஐம்பத்தொண்ணு இருந்துச்சு, உங்க ஓரகத்திகிட்டச் சொல்லிறாதீக, அது கொஞ்ச நாள் பயந்தே கிடக்கட்டும் என்று சிரித்தாள். நானும் மலையம்மாளிடம் இரண்டு நாள் சொல்லவில்லை, பிறகு மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

பிச்சையம்மாள் பீரோவிலிருந்து நாலு கரடிகளையும் எடுத்து, வெறும் தட்டாகத் தரக்கூடாது என்று வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள். தோசை தன்ஷிகாவிடம் இருந்தது. காது வீங்கி இரண்டு நாளாகக் காய்ச்சலாம், அப்போதுதான் கண் அசந்திருந்தாள். தூக்கத்துலயே உருவிக்கிட்டுப் போங்க மதினி, முழிச்சா நான் பார்த்துக்கிறேன், உங்க பேத்தியும் பிள்ளைதான என்றாள் பிச்சையம்மாள். கிட்டே போனேன். புண்ணான காதுக்குக் கீழே தோசையைத்தான் மெத்தையாக வைத்திருந்தாள். காலைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திறக்காமலே இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதற்குமேல் என்னால் ஆகவில்லை, விட்டுவிட்டு வந்தேன். சத்தியம் பண்ணியவளும் நான், உடைத்தவளும் நான், அதைக் கீர்த்தியிடம் நானே சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அங்கே அவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் நானே கூப்பிட்டேன். நீ டூட்டியில் இருந்தாய், மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். உனக்குத் தெரியாத பாதி இதுதான். தாம்பாளத்திலிருந்து தூங்கின பிள்ளைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். நிறையவே அழுதாள். பிறகு, காது குத்துனப்ப தோசைக்கு வலிச்சுச்சா என்றாள். இல்லை என்றேன். அந்தப் பாப்பாவுக்கு என்றாள். வலிச்சுச்சு, காய்ச்சல் வந்துருச்சு என்றேன். போனை வைத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை எனக்கு. அரைமணி கழித்து வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. பாப்பாகிட்டயே இருக்கட்டும் அம்மாச்சி, ஆனா மாமான்னு கூப்பிடக் கூடாது, தோசைன்னு கூப்பிடணும், ஃபேனுக்கு நேரா வைக்கக் கூடாது, பிஸ்கட் வைக்கக் கூடாது எறும்பு வரும், அடுத்த தடவை வர்றப்ப நான் பார்க்க வருவேன் என்று. கடைசியில், அம்மாகிட்டச் சொல்லாதீங்க, அம்மாதான் பெட்டியில இருந்து எடுத்தா, சொன்னா அம்மா அழுவா என்றும் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டச் சொல்லி சிந்துவுக்கு எழுதி அனுப்பினேன். ஏழு வயசுப் பிள்ளை இப்படிப் பேசுது, யாரு வளர்ப்பு என்று பிச்சையம்மாள் கேட்டாளாம். என் மகள் வளர்ப்பு என்று சொல்லச் சொன்னேன்.

இப்போது நான் சொல்ல வந்தது. கீர்த்தி சொல்லாதே என்றதை உன்னிடம் சொல்கிறேன், அதை அவளிடமும் சொல்லிவிடுவேன். நீ ஆன்லைனில் வாங்கியதைக் காட்டி இதுதான் தோசை என்றால் அவள் மறுக்க மாட்டாள். தோசை கண்டனூரில் இருப்பது தெரிந்தும், உன் மனசு நோகக் கூடாதென்று, ஆமாம்மா என்று வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். நீ அவளுக்காகப் பொய் சொல்லி, அவள் உனக்காகப் பொய் சொல்லி, ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தூங்க வேண்டாம் தாயி. பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான் என்று நீயே அவளிடம் சொல். அழுதால் கூட உட்கார்ந்து நீயும் அழு.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் நல்லா இருக்கணும். நைட் டூட்டி முடித்து வந்தால் வெறும் பிரெட்டோடு படுக்காதே, ஒரு வாய் சோறு சாப்பிடு. சேவுகப்பெருமாள் தம்பி வெள்ளிக்கிழமை இங்கிருந்து கிளம்புகிறார், பையில் நாலு கரடிதான் இருக்கும், அவரை ஒன்றும் கேட்டுச் சங்கடப்படுத்தாதே. வீட்டில் ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு. அழகி பாவாடையைத் துவைத்துத் தனியாக வைத்திருக்கிறேன், கீர்த்தியைக் கட்டிவிடச் சொல்.

இப்படிக்கு
என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா
நா. பொன்னழகு