மேலே ஒட்டிய சீட்டு

இன்று காலை ஆபீஸின் பின்கட்டில் பசைக்காக மரச்சீனிக் கிழங்கு மாவு காய்ச்சினார்கள். பூச்சி அரிக்காமலிருக்கத் துருசு போட்டுக் கிண்டும்போது ஒரு புளித்த வாடை வருமே, அது என் மேசைவரை வந்தது. நம் தாலுகாக்கள் மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. புது விதிப் புத்தகங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கூடவே அவற்றுக்கான திருத்தச் சீட்டுகளும் ஒரு கட்டு. புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே திருத்தமா என்று நீ இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். பசைக் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தேன். ஒரு சீட்டுகூட ஒட்ட முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆன பிறகு.

நான் நீர்ப்பாசன செக்‌ஷன் ஆபீஸில் கிளார்க். நீ, பேச்சிப்பாறைத் தண்ணீர் இரண்டு கால்வாயாகப் பிரிகிற இடத்தில் ஷட்டர் காவல். நம் இருவருக்கும் பொதுவாக ஒரு புத்தகம் இருந்தது. எந்தக் கால்வாயை எப்போது திறப்பது, எத்தனை நாள் அடைப்பது என்று எல்லாம் அதில்தான். ஒரு பிரதி என் மேசையில், இன்னொன்று உன் கொட்டகையில். விதி மாறும்போதெல்லாம் மேலிடத்திலிருந்து மலையாளத்தில் அச்சடித்த துண்டுச் சீட்டு வரும், எண் போட்டு. பழைய விதியின்மேல், இடது ஓரத்தில் மட்டும் பசை தடவி, எண் வரிசை தப்பாமல் ஒட்ட வேண்டும். பிந்தி வந்தது மேலே. மேலே இருப்பதுதான் விதி, அடியில் கிடப்பதை யாரும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பிரதிகளிலும் ஒட்டி, முன்பக்கப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

மாதத்தில் இரண்டு முறையாவது சைக்கிளில் பசை டப்பாவைக் கட்டிக்கொண்டு வருவேன். தூரத்தில் பார்த்ததுமே, "வைத்தியர் வந்தாச்சு, புஸ்தகத்துக்குக் கட்டுப் போட" என்று சத்தம் போடுவாய். கொட்டகையில் அவித்த மரச்சீனியும் குளச்சல் சாளை மீன் கறியும் இருக்கும். "தின்னுகதும் மரச்சீனி, ஒட்டுகதும் மரச்சீனி, நமக்கு வேற என்னல உண்டு மக்கா?" என்பாய். நான் சீட்டை ஒட்டி முடித்ததும் அதை ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்வாய். அந்தப் பழக்கத்தை நாம் ஒரு நாள் மட்டும் விட்டோம்.

அது தை மாதம். மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெற்பயிர் கதிர் வாங்கும் நேரம். அணையில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. ஒரே உறையில் இரண்டு சீட்டுகள் வந்தன. முந்தைய எண் சொன்னது, இடது கால்வாயை எட்டு நாள் அடைக்கவேண்டும் என்று. அடுத்த எண், அது வேண்டாம், நான்கு நாள் போதும் என்றது. ஆபீஸ் பிரதியில் காலையில் நிதானமாக உட்கார்ந்து சரியாகவே ஒட்டினேன். உன் பிரதிக்கு வரும்போது மதியமாகிவிட்டது. மூன்று மணி பஸ்ஸில் நான் பெண் பார்க்கப் போக வேண்டும்.

"ஏலே, பெண்ணு பாக்கப் போறவன் இந்தப் பசைக் கையோடயா போற? காப்பித் தம்ளரு கையோட ஒட்டிக்கிடும், பாத்துக்க" என்றாய். நான் சிரித்துக்கொண்டே ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன், ஓடினேன். வாசிக்கவில்லை. நான்கு நாள் சீட்டு அடியில் போய்விட்டது. எட்டு நாள் மேலே வந்துவிட்டது.

நீ எட்டு நாள் அடைத்தாய். ஐந்தாம் நாள் கடைமடை விவசாயிகள் வந்து கெஞ்சினார்களாம். நீ புத்தகத்தைத் திறந்து காட்டினாயாம். ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "அவன் ஒட்டினா அதுல தப்பு வராது ஓய்" என்று சொன்னாயாம். அவரே பிறகு என்னிடம் சொன்னார். திறந்துவிட்டபோது கடைமடையில் கதிரெல்லாம் வெளுத்து நின்றது. முக்கால்வாசி சாவி, வெறும் பதர்.

மனு வந்தது. ஓவர்சியர் என் மேசைப் பிரதியைப் பிரித்துப் பார்த்தார். நான்கு நாள் என்றிருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு அங்க போயி அவனுக்க புஸ்தகத்தப் பாப்போம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் எனக்கு வேலை உறுதியாகவில்லை. உறுதியானதும் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கே பசை டப்பாவோடு வந்தேன். நீ கரையைப் பார்க்கப் போயிருந்தாய். இரண்டு சீட்டுகளையும் ஓரத்தில் பிய்த்து மேல் கீழாக மாற்றி ஒட்டினேன். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஓவர்சியரோடு திரும்பி வந்தேன்.

"வாசி டேய்" என்றார் அவர். நீ தைரியமாகத்தான் பக்கத்தைத் திறந்தாய். ஓரத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு, "நாலு நாள்" என்று வாசித்தாய். விரலை எடுத்தாய், சீட்டும் கூடவே கொஞ்சம் எழும்பி வந்தது. ஈரம் காயவில்லை. நீ விரலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நான் ஷட்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பின்ன எதுக்கு எட்டு நாள் அடைச்ச?"

"கவனப் பெசகு சார். எனக்க தப்புதான்" என்று சொல்லி, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டாய்.

அவர் போனபிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ விடவில்லை. "எனக்குப் பத்து சென்ட் வயலு உண்டு. உனக்கு என்னல உண்டு? போ, போயி கல்யாணத்த நடத்து." ஒரு அறை விட்டிருக்கலாம் நீ. நான் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அடுத்த வாரம் உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஆவணியில் என் கல்யாணத்துக்கு ஒரு மட்டி வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். பந்தியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கையைக் கழுவினானா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாய். அவர்களுக்கு அது வெறும் கேலி. பத்து சென்ட் வயல் உன் வீட்டுக்குப் போதவில்லை. மலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாய். சில வருடம் குளிர்காய்ச்சல் பிடித்துப் பிடித்து விட்டது, கடைசியில் அதுவே உன்னைக் கொண்டுபோனது. ஓவர்சியரிடம் சொல்லிவிடவேண்டும் என்று நான் நினைக்காத மாதம் இல்லை. வேலை உறுதியாகட்டும் என்றேன், பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிறகு அவருக்கே மாற்றலாகிவிட்டது. கோழைக்குச் சாக்கா இல்லை?

நீ போன பதினாறாம் நாள், சொல்லியே தீர்வது என்றுதான் என் மனைவியோடு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததில்ல. கதிரக் கரியவச்சவன்னு ஊருல இன்னும் சொல்லுகாவ. அவிய நெசமாட்டே அப்பிடிக் கவனமில்லாம செய்தாவளா?"

பதில் வாய்வரை வந்தது. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் வரக்கூடிய தப்புதான் தங்கச்சி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அவியளும் கடைசிவரை இதத்தான் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு, காலியான தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவளிடமாவது நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்துத்தான் அத்தனை வருடமும் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்து நடந்தேன். நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது நடந்ததை அறிந்தவன் நான் ஒருவன்தான். சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.