பசித்த பிள்ளை ஏன் அழவில்லை

கெங்கையம்மன் துணை

குடியாத்தம்

அன்புள்ள மகன் நவநீதனுக்கு அப்பா கங்காதரன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் பூர்ணிமா, பேரன் எல்லோரும் சுகம். அங்கே அடிஸ் அபாபாவில் உன் உடம்பும் வேலையும் எப்படி என்று உள்ளதை உள்ளபடி எழுது, போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்ப்பா என்கிறாய், அதை நான் முழுசாக நம்புவதில்லை. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டு போன் ஸ்பீக்கரில்தான் பேசும், உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், நான் ஒன்று சொன்னால் அதற்குள் புகுந்து வேறு ஒன்றாக மாற்றிவிடுவாள். அதனால் உங்கள் ஷூ கம்பெனிக்குத் திரும்பி வருகிற ஆம்பூர் உமர் ஃபாரூக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்லவனாகத்தான் தெரிகிறான், இருந்தாலும் கவரைப் பசை போட்டு ஒட்டி அதன்மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறேன், பிரித்த மாதிரி இருந்தால் அவனையே கேள்.

விஷயம் பேரனுடைய பால் விஷயம். பூர்ணிமா அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்து வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்குத் தெரியும், அந்த நாட்களில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, எனக்கே தெரியாமல்தான் நடந்தது. ஒன்றரை மாதப் பிள்ளையை எங்களிடம் விடும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியனுப்பினார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று, தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள், கையைச் சப்பினாலே பசி என்று தெரிந்துகொள்ளுங்கள், அழுகிற வரை காத்திருக்காதீர்கள் என்று. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முதல் நாள் பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊட்டினால் வாயிலிருந்து தள்ளிவிட்டான், பாட்டிலில் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பசியில் கத்திக் கத்திக் குரலே கம்மிப்போய்விட்டது. விசைத்தறியை நிறுத்திவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது, இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

மறுநாள் பார்த்தால் பிள்ளை கப்சிப். தறிச் சத்தத்திலேயே சுகமாகத் தூங்குகிறான், விழித்தாலும் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறான். பால் கொடுத்தாயா என்றால் உன் அம்மா கொடுத்தேன் என்கிறாள். எப்போது என்றால் இப்போதுதான் என்கிறாள். நான் விடுவேனா, பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தேன், வைத்த மட்டம் அப்படியே இருந்தது. நேற்று கத்தி வீட்டையே இரண்டாக்கிய பிள்ளை ஒன்றும் குடிக்காமல் எப்படிச் சும்மா இருப்பான்? ஜாதிக்காய் எதையாவது உரைத்துக் கொடுத்துத் தூங்க வைக்கிறாளோ என்று உரைகல்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன், எறும்புகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. பிள்ளையின் வாயை மோந்தேன், பால் வாசனைதான் அடித்தது. கொடியைப் பார்த்தால் அவன் நனைத்த துணிகள் இடம் இல்லாமல் காய்கின்றன. உள்ளே போகாமல் வெளியே வருமா? உன் அம்மாவோ, இன்னாத்துக்கு இப்டி போலீஸ்காரன் மாதிரி மோப்பம் புடிச்சிக்கினு சுத்தறீங்க, போய் தறிய பாருங்க என்று என்னையே விரட்டினாள். அப்போதே இவள் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அடிக்கடி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு காற்றாடப் போகிறேன் என்று பின்பக்கம் போகிறாள். பங்குனி வெயிலில் என்ன காற்று? தறியை ஓடவிட்டபடியே, அது நின்றால் உஷாராகிவிடுவாள் என்று, செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே போனேன். நேராகப் பக்கத்து வீட்டுப் பின்வாசலுக்குள் நுழைந்தாள். மக்பூல் அகமது வீடு, பேரணாம்பட்டு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறாரே, அவர்தான். அவர் மனைவி பெயர் தபசும், நம் பேரனுக்கு ஒரு மாதம் முன்பு பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். கதவில் திரை தொங்கியது, நான் வெளியிலேயே நின்றேன். உள்ளே நம் பிள்ளை மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய ரகளை செய்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தாய், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நோய் நொடி இருந்தால் என்ன செய்வாய் என்று கத்தினேன். உன் அம்மா அசரவில்லை. உங்க மருமகதான் கேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே தபசும் கைய புடிச்சிக்கினு கேட்டா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் செக்கப்புக்குப் போனவங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணதெல்லாம் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுதான் கேட்டா என்றாள். பிறகு ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்றேன். தறி சத்தத்துல பாப்பா தூங்கலன்னு அந்த பாய் ஒரு வார்த்த சொன்னதுக்கே மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு திரியற ஆளு, உங்ககிட்ட சொன்னா ஒத்துக்குவீங்களா, அதான் மொத நாளு பவுடரே போதும்னு பாத்தேன், புள்ள அந்தக் கத்து கத்துனப்புறம்தான் தூக்கிக்கினு போனேன் என்றாள். நான் தறியைப் பார்க்கப் போய்விட்டேன்.

பூர்ணிமா வீடு திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மக்பூல் பாயே தேடி வந்தார். தலையில் தொப்பி, வெளுத்த சட்டை, கையில் பேரீச்சம்பழ டப்பா. இந்த ஆளுக்கு நம்மிடம் என்னவோ ஆக வேண்டியிருக்கிறது, தறியை எடு என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். கங்காதரண்ணே, உங்க பேரன் எங்க வீட்ல பால் குடிச்சிட்டான், எங்க மார்க்கத்துல இனிமே அவன் எங்களுக்குப் புள்ள, என் பொண்ணுக்கு தம்பி, ரெண்டு பேருக்கும் நாள பின்ன கல்யாணம்னு ஒரு பேச்சே ஆவாது, இது அவங்கப்பனுக்கும் தெரியணும், மறந்து போய்டக் கூடாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. உம் பெண்ணைக் கேட்டு இங்கே யார் வந்தார்கள் என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை தரம் கொடுத்தார்கள், அதையாவது சொல்லும் என்றேன். எத்தினி தரம்னு இன்னாத்துக்குண்ணே கணக்கு, ஒரு தரம் குடிச்சாலே போதும், நாளைக்கு மீச மொளச்சி வந்தாலும் எங்க பொம்பளைங்க யாரும் அவனுக்கு முக்காடு தேட வேணாம், அவன் பாட்டுக்கு நேரா அடுப்பாண்ட போய் இன்னா இருக்குன்னு கேக்கலாம் என்றார். வேறு என்ன கேட்கப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பூர்ணிமாவுக்கு நடுவில் விட்டுப்போனதால் பால் கொஞ்சம் கம்மி. அடிக்கடி பிள்ளையைப் போட்டால் தானாக ஊறும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அவளும் சலிக்காமல் போடுகிறாள். நீ போனில் பால் பற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதே, அந்தக் கவலையிலேயே வற்றிவிடும். அதுவரை சாயங்காலம் ஒரு வேளை பக்கத்து வீட்டில்தான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். திரைக்கு வெளியே நிற்பேன், உள்ளேயிருந்து இரண்டு கை நீண்டு வாங்கிக்கொள்ளும். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தும் அந்தத் திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. இரண்டு மாதம்கூட ஆகாத பயல் அதிகாரமாக உள்ளே போகிறான். வர நேரமானால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, திருப்பித் தருவார்களா என்று.

கெங்கையம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் மக்பூல் பாய் வீட்டுக்கு உன் கைப்பட நாலு வரி எழுதியனுப்பு. தபசுமை என்ன முறை வைத்து எழுதுவது என்று திகைக்காதே, நான் யோசித்துவிட்டேன், தங்கச்சி என்று எழுது. அவனுக்குத் தங்கச்சின்னா உங்களுக்கு யாரு என்று உன் அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்று சாயங்காலம் திரைக்கு வெளியே நின்று, நீ சாப்ட்டியாம்மா என்று ஒரு தரம் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு
ஆசீர்வாதங்களுடன் உன் அப்பா,
கங்காதரன்