பிளையரை ஒளித்து வைத்திருக்கிறேன்

டேய் தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. தையல் போட்ட கன்னம், அந்தப் பக்கம் மெல்லாதே. தரையில் காய்ந்து கிடப்பது உன் ரத்தம், நீயே துடை.

நேற்று நீ பிளையரோடு என் பேஸ் கிட்டார் மேல் பாய்ந்தபோது உன்னைக் கொன்றே போட்டிருப்பேன். “இழுத்துக் கட்டின கம்பிடா, வெட்டினா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “நீ வாயை மூடு” என்று வெட்டினாய். கன்னம் பிளந்தது. அப்புறமும் ரெண்டு அறை விட்டேனே, அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

புதுக் கம்பி வாங்கப் போகிறேன். இந்த முறை பிளாட்வுண்ட். மேலே தட்டையான உலோக நாடா சுற்றி வழவழவென்று இருக்கும். விரல் நகர்ந்தால் கீச்சிடாது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் உன் மண்டையைக் குடைந்தது அந்தக் கீச்சுதானே? எனக்கு இந்தப் புதுக் கம்பியின் மொண்ணைச் சத்தம் சுத்தமாகப் பிடிக்காது. தொலையட்டும்.

அக்கா

பி.கு.: இனி கிட்டாரைத் தொட்டால் கையை ஒடிப்பேன்.

இன்னொன்று: அப்படியும் வெறி வந்தால், முதலில் கம்பியைத் தளர்த்திவிட்டு வெட்டித் தொலை. கன்னத்தைத் தைக்கலாம். கண்ணைத் தைக்க முடியாதுடா.