கண் வார்டு ஜன்னலுக்கு அடித்த வெள்ளை

அனுப்புநர்:
மேஜர் அச்சுதன்,
கண் அறுவை மருத்துவர்,
படைவீரர் மருத்துவமனை,
டெல்லி.

பெறுநர்:
கர்னல் கஸ்தூரிரங்கன் அவர்கள்,
நிர்வாகத் தலைமை அதிகாரி,
மேற்படி மருத்துவமனை.

பொருள்: கண் வார்டு ஜன்னல் கண்ணாடிகளில் பூசிய வெள்ளைப் பெயிண்டைச் சனிக்கிழமை காலைக்குள் அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே கோரிக்கையைச் சென்ற வாரம் ஆங்கிலத்தில் உரிய படிவத்தில் கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்பதால் இதை நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன். முறை தவறென்றால் பொறுத்தருளவும். அவசரம்.

2. எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. புரை எடுத்த மறுநாள் காலை நோயாளியை மேற்கு ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்துத்தான் கட்டைப் பிரிப்போம். எழுத்துப் பலகையெல்லாம் பிறகு. வெளியே இலையுதிர்ந்த ஓர் இலவ மரம், அதில் கிளிகள். கட்டுப் பிரித்தவர் பார்த்துச் சொல்வதை, கட்டோடு படுத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே கிடப்பார்கள். பார்ப்பதற்கு முன்பே அந்த மரம் எல்லோர் கனவிலும் வந்துவிடும்.

3. ஆய்வுக் குழு வருகிறது என்று வளாகத்தில் அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார்கள். கல், குழாய், மரத்தின் அடிப்பாகம். மாலையில் எங்கள் ஜன்னல்கள். சட்டத்தோடு கண்ணாடியும் சேர்த்து. குழு அந்தப் பக்கமே வரவில்லை.

4. மறுநாள் காலை, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஜோதிலிங்கத்துக்கு இடக்கண் கட்டைப் பிரித்தேன். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தேன். மரம் தெரிகிறதா என்றேன். "தெரியுது சாப்." கிளி? "அச்சா தெரியுது சாப், பச்சைப் பசேல்னு." திருப்தியோடு திரும்பினேன். எதிரே சுவர்போல வெள்ளை.

5. அதிகாரி கேட்டால் தெரியவில்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பெயிண்ட் என்று விளக்கினேன். "கண்ணாடிக்கு யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களா சாப்? விடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். என் முகம் தெரிகிறதா என்றேன். அதற்கும் "தெரியுது சாப்"தான். முதல் நாள் வீக்கத்தில் பார்வை சற்று மங்கலாகவே இருக்கும், அதுவும் சேர்ந்துகொண்டது. கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனேன். ஜனவரிப் பனிமூட்டம். மரம் இல்லை, வேலி இல்லை, நாங்கள் இறங்கிவந்த படிகூட இல்லை. பாலுக்குள் நிற்பதுபோல இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்தது.

6. அவருக்கு வலக்கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இப்போது எடுக்காவிட்டால் வீங்கி, கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெடும். அப்புறம் நானும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் இடக்கண் போய்விட்டது என்றே நம்பி, வலக்கண் அறுவைக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றுவிட்டார். "அந்த மங்கலாச்சும் மிஞ்சட்டும்மா" என்று மகள் இந்திராணியிடம் சொல்லி, ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம்.

7. ஆகவே மதியம் மூட்டம் விலகியதும், அறுவைக் கத்தியின் பழைய பிளேடால் கண்ணாடியில் உள்ளங்கை அகலம் சுரண்டினேன். அவர் இடக்கண்ணை அதில் வைத்துப் பார்த்தார். வெயில் அவர் முகத்தில் மட்டும் விழுந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு, நான் கேட்காமலே, "ஒரு கிளிக்கு வால் இல்ல சாப்" என்றார். வார்டில் யாரும் அவருக்குச் சொல்லியிராத செய்தி. நானும் எட்டிப் பார்த்தேன். இல்லைதான்.

8. டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை வலக்கண் அறுவை. சனி காலை கட்டுப் பிரிக்க வேண்டும். இதற்கிடையே, அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டும், சுரண்டிய இடத்தில் மறுபடி பெயிண்ட் அடிக்கச் சொல்லியும் உத்தரவு வந்துள்ளது. சுரண்டியது நான்தான். நடவடிக்கையை ஏற்கிறேன்.

எனவே எல்லாக் கண்ணாடிகளையும் சுத்தம் செய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதற்கு நேரமில்லையென்றால், அந்த உள்ளங்கை அகலத்தையாவது விட்டுவைக்கவும். வார்டில் கட்டோடு படுத்திருக்கும் எல்லோரும் இப்போது வாலில்லாத கிளிக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவசரத்துடனும் மரியாதையுடனும்,

(ஒப்பம்)
மேஜர் அச்சுதன்

இடம்: டெல்லி
நாள்: 21.01.2026